ரயில் போய்விடும், இது போகாது

பெரம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து தண்டவாளம் கூப்பிடு தூரம். அரக்கோணம் பக்கம் போகிற மின்சார ரயில், ராத்திரி முழுக்க எக்ஸ்பிரஸ் வண்டிகள், நடுநடுவே கூட்ஸ். அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃபில் ஃபிட்டராகச் சேர்ந்து 34 வருஷம் வேலை பார்த்தவர். எந்த வண்டிச் சத்தத்துக்கும் அவர் தூக்கம் கலைந்து நான் பார்த்ததில்லை. அவர் 2024 ஏப்ரலில் ஒரு காலை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "நாலு நாளா சரியா தூக்கமே இல்லம்மா. மேல அந்தப் பெட்டி கத்திக்கிட்டே இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரயில் வருது, போயிடுது. இது போகவே மாட்டேங்குது" என்றார்.

அந்தப் பெட்டி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் டிவிஆர், கண்காணிப்புக் கேமராக்களின் படத்தைப் பதிவு செய்து வைப்பது. சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரம், 2019 ஜூலையில், எங்கள் ஆறு வீடும் சேர்ந்து பணம் போட்டு நான்கு கேமரா வைத்தோம். வாசல் கேட், வண்டி நிறுத்துமிடம், மாடிப்படி, மொட்டை மாடி. அப்பா அப்போது அசோசியேஷன் செயலாளர். பெட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, "நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்றார். நாங்கள் இருப்பது மேல்மாடி, மூன்றாவது தளம். கேமரா மாட்ட வந்தவர்கள் மொட்டை மாடியிலிருந்து ஒரு துளை போட்டுக் கேபிளை இறக்கினார்கள். துளை இறங்கிய இடம் அப்பா படுக்கிற அறையின் பரண். "கண்ணுக்கே தெரியாது சார், திருடன் வந்தாலும் எடுக்க முடியாது" என்று சொல்லி, டிவிஆரையும் கேமராக்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்க்ரூ அடித்துவிட்டுப் போனார்கள்.

அப்பா சொன்ன அன்றைக்கு நான் செய்தது தவறு. அதை மறைக்காமல் எழுதக் காரணம், வீட்டில் எல்லாரும் முதலில் செய்வது அதுவாகத்தான் இருக்கும். பரணின் பிளைவுட் கதவை இழுத்துச் சாத்தினேன். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு பழைய ரஜாயை மடித்து வைத்தேன். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. அப்பா நன்றாகத் தூங்கினார். எனக்கும் நிம்மதி.

மூன்றாவது வாரம், கத்திரி தொடங்கி ஐந்தாறு நாள் ஆகியிருக்கும், கீழ் வீட்டுப் பையனின் சைக்கிள் காணாமல் போனது. அவன் அம்மா மேலே ஏறி வந்து, "மாமா, நேத்து சாயங்காலத்த கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்" என்று கேட்டாள். போட்டுப் பார்த்தோம். முந்தின நாள் மதியம் ஒரு மணிக்குப் பிறகு பதிவே இல்லை. அதற்கு முந்தின நாளும் நடுநடுவே ஓட்டை. பெட்டி பழுதைச் சொல்லிப் பீப் பீப் என்று அலறியிருக்கிறது. ரஜாய்க்குப் பின்னால் அலறியதால் எங்கள் யார் காதிலும் விழவில்லை. பையன் ஒன்றும் சொல்லாமல் படியில் இறங்கிப் போனான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்று ராத்திரிதான் பெட்டியின் மெனுவை முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன். பதிவெல்லாம் சேர்கிற ஹார்ட் டிஸ்க்குக்கான பகுதிக்குள் 'ஸ்மார்ட்' என்று ஒரு பக்கம் இருக்கும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு அது. அதில் 194 என்ற எண்ணுள்ள வரி வெப்பநிலை. சில பெட்டிகளில் அதே வரி சி2 என்று இருக்கும். எங்களுடையதில் 61 டிகிரி. ஹார்ட் டிஸ்க் தாங்கும் மேல் வரம்பு என்று தயாரிப்பாளர்கள் பொதுவாக 60, 65 டிகிரியைத்தான் சொல்கிறார்கள். 197-ஆம் வரி, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிறுத்திவைத்திருக்கும் இடங்களின் கணக்கு. பூஜ்யமாக இருக்க வேண்டிய அந்த இடத்தில் 212.

9-ஆம் வரி டிஸ்க் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சொல்லும். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி. நாங்கள் பெட்டி வைத்து ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது ஏறக்குறைய 42,300 மணி. டிஸ்க் காட்டியது 61,200. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அது வேறு எங்கோ இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. புதிது என்று பில் போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். புது டிஸ்க் வாங்கினால் மாட்டிய அன்றைக்கே அந்த வரியைப் பாருங்கள். ஒற்றை இலக்கமோ இரட்டை இலக்கமோ இருக்க வேண்டும். இதை நான் இப்போது தெரிந்தவர் எல்லாரிடமும் சொல்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. அப்பா பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். ஓடிக்கொண்டிருந்தபடியே சாப்பாட்டு மேஜைமேல் வைத்தோம். மூடியைத் திறக்கவில்லை. உள்ளேபோய்த் தன் பழைய கருவிப் பையிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து வந்தார். அதன் முனையைப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பட்டறையில் பேரிங் பார்ப்பது இப்படித்தானாம். காற்றில் கலந்து வரும் சத்தத்தில் எது எதிலிருந்து வருகிறது என்று தெரியாது, இரும்பு வழியாக வருவது பிரிந்து கேட்கும் என்றார். பெட்டியின் நான்கு பக்கமும் வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

விசிறி இருக்கும் மூலையில் கரகரவென்று ஒரு உராய்வு. விட்டு விட்டு ஏறி இறங்குகிறது. டிஸ்க் இருக்கும் பக்கத்தில் அது இல்லை, தம்பூராவின் ஒரு தந்தியைப் போல அடித்தொண்டையில் ஒரே சுதி. இரண்டு வேறு சத்தம். நான் இத்தனை நாளும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மின்சாரத்தை நிறுத்தி மூடியைக் கழற்றினோம். விசிறி 40 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். இறக்கைகளின் விளிம்பில் தூசி கம்பளி மாதிரி படிந்து, கடற்காற்றின் ஈரத்தில் பிசுபிசுத்துக் கிடந்தது. பக்கத்துக் காற்றுத் துளைகளில் பாதி அடைத்திருந்தது. அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் பல்லி முட்டை ஓடு ஒன்று. கதகதப்பான இடம் என்று வந்திருக்கும். அப்பா இறக்கையை விரலால் சுற்றினார். நல்ல விசிறி விரலை எடுத்தபின் நாலு சுற்றாவது சுற்றும். இது அரைச் சுற்றில் நின்றது. "எண்ணெய் காஞ்சு போச்சு. பேரிங் இல்ல, புஷ்தான் வெச்சிருக்கான்" என்றார். இந்த மாதிரிப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் ஸ்லீவ் வகை, பால் பேரிங்கின் குண்டுகள் இல்லாமல் எண்ணெய் ஊறிய புஷ்ஷில் அச்சு சுற்றுவது. சூட்டில் அதன் எண்ணெய் வற்றும். வற்றினால் உராயும், உராய்ந்தால் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் பெட்டி இன்னும் சுடும்.

நான் உடனே, "சரி, ஒரு சத்தமில்லாத விசிறி வாங்கிப் போட்டுடலாம்பா" என்றேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "சத்தமில்லாத விசிறின்னா காத்து கம்மியா தள்ற விசிறி. மேல இருக்கிற சூட்டுல அத போட்டா டிஸ்க் இன்னும் சீக்கிரம் போகும். முதல்ல அத எங்க வைக்கணும்னு பாரு." இந்த வரிசைதான் முக்கியம் என்பது எனக்கு அன்றைக்கு உறைத்தது. எங்கள் பெட்டியில் விசிறிக்கு வேகக் கட்டுப்பாடே கிடையாது. சூடோ குளிரோ, 12 வோல்ட்டில் முழு வேகம்தான். சூட்டைக் குறைத்தால் சத்தம் தானாகக் குறையாது. ஆனால் சூட்டைக் குறைத்தால்தான் மெதுவான விசிறியைப் போட இடம் கிடைக்கும்.

பரணைப் பற்றிச் சென்னையில் மேல்மாடியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் தளம், சாயங்காலம் கடற்காற்று வந்த பிறகும் உள்பக்கமாகச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். தட்டோடு பதித்திருந்தாலும் நடு இரவுக்கு மேல்தான் அடங்கும். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானியை எடுத்து, பெட்டி இல்லாத காலிப் பரணில் ராத்திரி பத்து மணிக்கு வைத்துப் பார்த்தேன். 39. அதே நேரம் ஹாலில் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் 33. ஆறு டிகிரி, ஒரு பைசா செலவில்லாமல். பெட்டி இழுப்பது 15 வாட் அளவுதான். இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட் வரும். அந்த 15 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். மூடிய பரணில் அது போக வழியில்லை. பக்கத்திலேயே எஸ்எம்பிஎஸ் வேறு தன் பங்குச் சூட்டை ஊதிக்கொண்டிருந்தது.

வேறு இடம் தேடியபோது ஒவ்வொன்றாகக் கழிந்தது. சமையலறைப் பரண் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. குளியலறைக்கு மேலே ஈரம். பால்கனியில் சாரல். வாசல் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது, ஏனென்றால் வந்தவன் முதலில் எடுத்துப் போவது பெட்டியைத்தான். ஹால் புத்தக அலமாரி வாசலிலிருந்து தெரியாது, கீழ்த்தட்டுக்குக் கதவும் உண்டு. கேமராவிலிருந்து படம் வருகிற நான்கு கோஆக்சியல் கேபிளையும், இரண்டு கேபிளை இணைக்கும் பிஎன்சி ஜாயினர் போட்டு ஒன்பது மீட்டர் நீட்டினோம். நல்ல செம்புக் கேபிளில் இந்த வகைக் கேமராப் படம் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும், ஒன்பது மீட்டரில் ஒன்றும் கெடவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நடைவழிச் சுவரில் தனியாக மாட்டினோம்.

அலமாரியின் கதவு மூடியிருக்கும் என்பதால் காற்றுக்கு வழி வேண்டும். ஆசாரியைக் கூப்பிட்டு, முன்பக்கம் கதவின் அடியில் ஒரு நீளப் பிளவும், பின்பலகையில் மேலே ஒரு வட்ட ஓட்டையும் வெட்டச் சொன்னோம். சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்தது கீழே நுழையும். இரண்டு ஓட்டையும் ஒரே உயரத்தில் இருந்தால் இது நடக்காது. பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரற்கடை இடம் விட்டோம். வட்ட ஓட்டையில் 120 மி.மீ. விசிறி ஒன்று, 5 வோல்ட்டில் ஓடும் யுஎஸ்பி வகை, பழைய மொபைல் சார்ஜரில். 40 மி.மீ. விசிறியைப் போல ஒன்பது மடங்கு பரப்பு. அதனால் மெள்ளச் சுற்றினாலே போதும். கதவை மூடிவிட்டு ஓர் அடி தள்ளி நின்றால் அது ஓடுவது தெரியாது.

அடுத்தது ரிச்சி தெரு. மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே நுழைந்து, கேமராக் கடை, கேபிள் கடை, பழைய சார்ஜரைக் கூடையில் கொட்டி விற்பவர்கள் எல்லாரையும் தாண்டி, விசிறி மட்டுமே தொங்கவிட்டிருந்த சின்னக் கடைக்குப் போனோம். பழைய விசிறியை நீட்டியதும் அந்தத் தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பத்து எம்எம்மா இருபதாக்கா? பன்னண்டு வோல்ட்டா அஞ்சா? ஸ்லீவா பாலா? பின் எத்தன?" என்று கேட்டார். நான் விழிப்பதற்குள் அப்பா, "பத்து, பன்னண்டு, பால், ரெண்டு பின்" என்றார். பால் பேரிங் நீடித்து உழைக்கும், ஆனால் சத்தம் கொஞ்சம் கூடுதல் என்று தம்பியே நேர்மையாகச் சொன்னார். அங்கே கிடைத்தது எல்லாம் 5,000, 6,000 சுற்று வகை. பட்டறைக்காரர் இருவரும் பேசிக்கொள்வது போல அரைமணி நேரம் பேசினார்கள். கடைசியில் அவரே, மெதுவானது வேண்டுமென்றால் வெளிநாட்டு விசிறியை ஆன்லைனில் வரவழையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். தன் சரக்கை விற்காமல் அனுப்பினார் என்பதற்காகவே அவரிடம் ஜாயினர், கிளிப், வெல்க்ரோ பட்டை எல்லாம் வாங்கினோம்.

வரவழைத்தது ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் 40 மி.மீ. விசிறி. நிமிடத்துக்கு 4,500 சுற்று, 17.9 டெசிபல். கூடவே வருகிற குட்டி வயரை நடுவில் சேர்த்தால் 3,700 சுற்று, 12.9 டெசிபல். விலை ரிச்சி தெரு விசிறியைப் போலப் பல மடங்கு. அப்பாவின் தூக்கத்துக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடும், காதுக்குப் பாதிக்கும் குறைவாகக் கேட்கும். காற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சத்தத்தில் நிறைய லாபம். அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கத்தான் ஆறு டிகிரியை முன்னாலேயே சம்பாதித்து வைத்தோம். மாட்டும்போது விசிறியின் பக்கவாட்டில் காற்றுத் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள். மூன்று வயர் இருந்தால் ஒன்று வேகத்தைத் திருப்பிச் சொல்கிற வயர், எங்கள் பெட்டிக்கு அது தேவைப்படவில்லை.

விசிறி கதை முடிந்தது. தம்பூராச் சுதி மிச்சம் இருந்தது.

பழைய டிஸ்க் 7,200 சுற்று வகை, கணினிக்கானது. நிமிடத்துக்கு 7,200 என்றால் நொடிக்கு 120. அந்த 120 அதிர்வும் தகட்டுக்குப் போய், தகட்டிலிருந்து பிளைவுட்டுக்குப் போய், முழுப் பரணும் வீணையின் குடம் மாதிரி வாங்கி ஒலித்திருக்கிறது. பெட்டி அங்கே இருந்தபோது பலகையில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் சத்தம் சட்டென்று தாழும், எடுத்தால் ஏறும். அப்போதே புரிந்திருக்க வேண்டும். புதிதாகக் கண்காணிப்புப் பதிவுக்கென்றே செய்த 5,400 சுற்று டிஸ்க் வாங்கினோம். வெஸ்டர்ன் டிஜிட்டலில் பர்ப்பிள், சீகேட்டில் ஸ்கைஹாக் என்று வருகிறவை இந்த வகை. இரவு பகல் நிற்காமல் எழுதவும், வருஷத்துக்கு 180 டெராபைட் வரை தாங்கவும் என்று பர்ப்பிளுக்குக் கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது. ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, நான்குக்கும் சேர்த்து 86.4, வருஷத்துக்கு 31.5 டெராபைட். தாராளமாகப் போதும். சுற்றுகிற பாகமே இல்லாத எஸ்எஸ்டி போட்டால் சத்தமே இருக்காது என்று யோசித்தேன். 1 டெராபைட் எஸ்எஸ்டி பலவற்றில் 600 டெராபைட் எழுதலாம் என்று போடுகிறார்கள், எங்கள் கணக்குக்கு அதுவும் பல வருஷம் வரும். ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை அதிகம், எல்லாப் பெட்டியும் அதை ஏற்பதில்லை. விட்டுவிட்டேன்.

டிஸ்க்கை மாட்டும்போது அப்பா பஞ்சர் கடைக்குப் போய் ஒரு பழைய சைக்கிள் டியூப் வாங்கி வந்தார். அதைக் கத்தரிக்கோலால் பத்துப் பைசா அளவில் வட்டம் வட்டமாக நறுக்கி, நடுவில் ஆணியால் துளையிட்டு, டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டிரண்டாக வைத்தார். ஸ்க்ரூவை முழுசாக முறுக்கவில்லை. ரப்பர் நசுங்கத் தொடங்கியதும் நிறுத்தினார். பெட்டியின் நான்கு காலுக்கும் அதே டியூப் துண்டு. ரப்பர் வைத்ததில் தகட்டுக்குக் கடந்து போகிற சூடு கொஞ்சம் தடைபட்டு, டிஸ்க் இரண்டு டிகிரி ஏறியது உண்மை. அதைத் தெரிந்தேதான் வைத்தோம். தயவுசெய்து ஸ்பாஞ்சுத் துண்டை மட்டும் அடியில் போடாதீர்கள், அடிப்பக்கத் துளைகள் அடைந்துவிடும்.

பெட்டியின் அமைப்பில், படத்தை இன்னும் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறைக்கு மாற்றியதில் ஒரு டெராபைட்டில் 11 நாள் நின்ற பதிவு 20 நாளைத் தாண்டியது. சூட்டில் பெரிய மாற்றம் இல்லை. அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்ற அமைப்பை நான் வைக்கவில்லை. சைக்கிள் விஷயத்துக்குப் பிறகு மனம் ஒப்பவில்லை.

எவ்வளவு குளிர வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, 2007-ல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து வெளியிட்ட ஆய்வு எனக்கு நிம்மதி தந்தது. நடுத்தர வெப்பத்தில் ஐந்து டிகிரி முன்பின் இருப்பதால் டிஸ்க் போய்விடுவதில்லை. வயதான டிஸ்க்குகள் மிக அதிக வெப்பத்தில் ஓடும்போதுதான் கேடு தெளிவாகத் தெரிந்தது. அதனால் 35-க்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் துரத்தவில்லை. அந்தக் கத்திரியிலேயே, மதியம் மூன்று மணிக்கு, புது இடத்தில் 44. மழைக்காலத்தில் 38, 39.

அப்பா தன் பாக்கெட் டைரியில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு 194-ஆம் வரியை எழுதி வைக்கிறார். அன்றைக்கே பெயின்ட் பிரஷால் காற்றுத் துளைகளைத் தட்டுவார். விசிறியைத் துடைக்கும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்வார். ஊதினால் கன்னாபின்னாவென்று சுற்றிப் பேரிங் கெடும் என்பார். கீழ் வீட்டுப் பையனுக்குச் சைக்கிள் கிடைக்கவில்லை. அசோசியேஷன் பணத்தில் வாங்கித் தரலாம் என்று நான் சொன்னேன், அப்பா தன் பென்ஷனிலிருந்தே வாங்கித் தந்துவிட்டார்.

போன வாரம் தண்ணீர் குடிக்க ராத்திரி ஒன்றரைக்கு எழுந்தேன். ஹாலில் விளக்கில்லை. அலமாரிக் கதவு திறந்திருந்தது, டிவிஆரின் பச்சை விளக்கு மட்டும் தெரிந்தது. அதற்கு முன்னால் முக்காலியில் அப்பா குனிந்து உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூடிரைவரின் பிடி காதோரம். பதறிப்போய், "என்னப்பா, மறுபடி சத்தம் வருதா?" என்றேன்.

"இல்லம்மா, ஒண்ணுமே கேக்கல. நின்னுடுச்சோன்னு பார்த்தேன். ஓடுது."